சத்தி என்னுந் திருப்பெயரும் அணுப்படையும்

நம் நாட்டின் அணுப்படைக் கொள்கையைப் பற்றிய பொதுச் சொற்பொழிவுகளில் இந்துசமய மரபினைச் சான்றாக எடுத்துக்காட்டுதல் 1998-ஆம் ஆண்டுமுதல் பெருவழக்காய்விட்டது. அவ்வாண்டு மே மாதம் 11-ஆம் நாள் மூன்றும் 13-ஆம் நாள் இரண்டுமாக ஐந்து வெடிப்புக்கள் ராஜஸ்தானத்துப் பொக்கரான் பாலையில் நிலத்தினுள்ளே நிகழ்த்தப்பட்டன. அச்செயலுக்கு இடப்பட்ட பெயர் ‘சக்தி’ என்பது. சின்னாட்களுள் விசுவ இந்து பரிஷத்தார் அவ்விடத்தையடுத்துச் சத்திக்கு ஒரு கோயில் எடுக்கப்போவதாக அறிவித்தனர். அதன்பின் மேடையேறினார் பலர், பிரமாத்திரம் பாசுபதம் முதலியன நம் முன்னோர் கையாண்ட அணுப்படைகளே என்றும், சங்காரம் நம் கடவுளின் தொழிலாகலின் இப்படை நம் மரபிற்குப் புறம்பன்று என்றும் பேசி வருகின்றனர். கேட்போரும் மகிழ்ந்து கைதட்டுகின்றனர்.

அரசிற்கு இப்படை வேண்டுமா வேண்டாவா என்பதன் உலகியற்பகுதி படைத்தொழிலும் பிறநாட்டு நிலையும் அறிந்தார் ஆராய்தற்குரியது. அதன்கண் யாம் புகுவேமல்லேம். ஆயின், நம் ஆகமங்களையும் இதிகாச புராணங்களையும் சாட்சிக்கு அழைத்தவிடத்து, அவை உண்மையில் யாது கூறுகின்றன என்று எடுத்துரைத்தல் அந்நூல்களைப் பாடங்கேட்டார்க்குக் கடனாகும்.

முதற்கண் சத்தி என்னும் பெயரை எடுத்துக்கொள்வாம். உலக வழக்கில் அச்சொல் வலிமை என்னும் பொருட்டு. மின்சாரத்தையும் சத்தி என்ப. மருந்தின் வீறும் சத்தியே. அவ்வளவில் நின்று பெயரிட்டாராயின் குற்றமின்று. கோயில் எடுக்கப் புகுந்தபோதோ அப்பெயர் தன் சமயப் பொருளை அவாவி நிற்கின்றது. சித்தாந்தத்திற் சத்தியாவது, கதிரவனும் கதிரும்போலச் சிவத்தோடு பிரிவின்றி நிற்கும் அருளே. அவ்வருளொன்றே தொழில் வேற்றுமையான் இச்சை, ஞானம், கிரியை என முத்திறப்படும். மலத்தைச் செலுத்தி உயிரை மறைக்குங்கால் அதற்குத் திரோதானம் என்று பெயர். அம்மறைப்பும் மலம் பழுத்து நீங்குதற்பொருட்டேயாகலின் கருணையின் வேறன்று. உயிர்கட்கு யாதொரு பயனுங் கருதாது எரித்தலொன்றே செய்யும் ஆற்றலைச் சத்தியென்று வழிபடுதற்கு நம் நூல்களில் இடங்காண்கிலேம்.

அற்றேல், இறைவன் சங்காரத் தொழிலுஞ் செய்கின்றானன்றோ எனின், செய்கின்றான். பிறந்தும் இறந்தும் எய்த்த உயிர்கள் இளைப்பாறுதற்பொருட்டு அவன் உலகினை மாயையில் ஒடுக்குகின்றான். பகலெல்லாம் ஓடியாடிய மகவைத் தாய் உறங்கச்செய்தல் போல்வது அது. இளைப்பாறிய உயிர்களுக்கு மீளவும் தனு கரண புவன போகங்களைக் கொடுத்து எழுப்புவானும் அவனே. எழுப்பவல்லான் ஒருவன் உறங்கச்செய்தல் தகும். 1945-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் ஹிரோஷிமாவிலும், 9-ஆம் நாள் நாகசாகியிலும் இடப்பட்ட இரண்டு குண்டுகளால் அவ்வாண்டு முடியுமுன் இறந்தோர் முறையே ஏறத்தாழ 1,40,000 பேரும் 70,000 பேரும் என மதிப்பிடுவர். அவர்களுள் ஒருவரையேனும் எழுப்பவல்லார் அவ்வானவூர்தியில் இருந்திலர்.

அழிவு நிகழ்ந்த இடங்களிற் கோயிலெடுத்தல் நம் மரபேயன்றோ, அட்டவீரட்டம் அங்ஙனம் எழுந்தனவன்றோ என்று ஒருவர் ஒரு சொற்பொழிவிற் கேட்டார். வினா நன்றே, விடையும் அவ்வீரட்டங்களிலேயே உளது. கடவூரில் உதையுண்ட காலன் மீள உயிர்பெற்றுத் தன் தொழிலை மேற்கொண்டான். குறுக்கையில் எரிந்த காமன் இரதியின் பொருட்டு எழுப்பப்பெற்றான். பறியலூரில் தலையிழந்த தக்கன் ஆட்டுத்தலையோடு எழுந்து வணங்கினான். திரிபுரம் எரித்த அதிகை வரலாற்றிலோ, அவ்வூர்கள் மூன்றும் தீக்கு இரையானபோதும் சிவவழிபாட்டில் வழுவாத மூவர் தப்பினர் என்றும், அவருள் இருவர் வாயில் காவலராகவும் ஒருவர் முழவு முழக்குவாராகவும் அருள்பெற்றனர் என்றும் நம் பெரியோர் பாடினர். முப்புரங்களையும் மும்மலங்களின் காரியமாகக் கொண்டு பொருள் விரித்தார் திருமூலர். ஆகவே வீரட்டங்களிற் கோயில்கொண்டது அருள். மூவரைப் பிரித்தெடுத்துக் காக்கும் அத்தீ எங்கே, கருக்கொண்ட மகளிரையும் கட்டிற்கிடந்த நோயாளரையும் பள்ளிச் சிறாரையும் வேறு பிரித்தறியாத இத்தீ எங்கே!

மேடைகளில் ஓப்பன்ஹைமர் என்னும் அமெரிக்க அறிஞரின் பேச்சும் தவறாது வரும். 1945 ஜூலை 16-ஆம் நாள் நியூ மெக்சிகோப் பாலையில் முதல் அணுவெடிப்பைக் கண்டபோது, கீதையின் விசுவரூபப் பகுதியிலுள்ள தொடரொன்று தமக்கு நினைவில் வந்ததென 1965-இல் அவர் தொலைக்காட்சியிற் கூறினார். ரைடர் என்னும் ஆசிரியரிடம் வடமொழி பயின்றவர் அவர். இதனை நம்மவர் தமக்குக் கிடைத்த நற்சான்றிதழாகக் கொள்கின்றனர். அத்தொடரைக் கீதையிற் கூறுவான் இறைவன். கேட்ட அர்ச்சுனனோ நடுங்கிக் கைகூப்பி, அவ்வுருவை மறைத்துப் பழைய உருவைக் காட்டுக என்று வேண்டிக்கொண்டான். அவ்வறிஞர் துயரத்தோடு நினைவுகூர்ந்ததை இவர்கள் பெருமிதத்தோடு எடுத்தோதுகின்றனர். பதியின் சொல்லைப் பசு தன் சொல்லாகக் கொள்ளும் மயக்கத்திற்கு நூலோர் இட்ட பெயர் ஆணவம் என்பது.

இனித் தெய்வப்படைகளின் வரலாற்றிற்கு வருவாம். அவை அணுப்படைகளாமா என்னும் ஆராய்ச்சி வீண். மந்திரத்தால் எழுவனவும் தவத்தால் நிற்பனவுமாகிய அவற்றைக் கனிமம் தோண்டித் தொழிற்சாலையிற் சமைப்பவற்றோடு ஒன்றாக்குதல் இரண்டனையும் அறியாமையாம். ஆயினும் வாதத்தின்பொருட்டு அவை ஒக்குமென்றே கொள்வாம். கொண்டவழியும், அப்படைகளைப் பற்றிப் பாரதம் விதித்த விதிகளையும் உடன்கொள்ளல் வேண்டுமன்றோ?

அர்ச்சுனன் தவத்திற்கு இரங்கி வேட்டுவனாய் வந்த பெருமான் பாசுபதம் அளித்தமையைத் தேவாரம் பலவிடத்தும் போற்றுகின்றது. அளிக்கும்போது அப்பெருமான் கூறிய கட்டளையை மட்டும் சொற்பொழிவாளர் கூறுவதில்லை. தகுந்த காரணமின்றி ஆற்றல் குறைந்த மனிதர்மேல் இதனை விடற்க, விடின் உலகெல்லாம் வேம் என்பது அது. அவ்வன பருவத்திலேயே பின்னும் ஒரு நிகழ்ச்சி உண்டு. வானுலகினின்று மீண்ட அர்ச்சுனனை நோக்கித் தருமன், நீ பெற்ற தெய்வப்படைகளைக் காணவேண்டும் என்றான். மறுநாள் அவன் அவற்றைக் காட்டத் தொடங்கியதும் நிலம் நடுங்கியது, ஆறுகளும் கடலும் கலங்கின, காற்று நின்றது, கதிரவன் ஒளி மழுங்கினான். நிலத்தினுள்ளே வாழும் உயிர்கள் வெதும்பி மேலெழுந்து அவனைச் சூழ்ந்து கைகூப்பின. அப்போது நாரதர் வந்து தடுத்து, இலக்கின்றி இவற்றை விடலாகாது. இலக்கு உண்டாயினும் பேரிடர் வந்தாலன்றி விடலாகாது. காட்சிக்காக எடுத்தல் பெருங்குற்றம் என்று கூறிப் போக்கினார். மரபென்று பேசுவார் இதனை வாசித்தபின் பொக்கரானை நினைக்கக் கடவர். நம் வெடிப்பு நிகழ்ந்து பதினேழாம் நாள், மே 28-இல், பாகிஸ்தானும் தன் மலையகத்தே தன் படையைக் காட்டிற்று. அங்கும் இங்கும் மக்கள் தெருக்களில் இனிப்பு வழங்கினர். நாரதர் வந்திலர்.

சௌப்திக பருவம் இன்னும் கொடிது. அசுவத்தாமன் பிரமசிரம் என்னும் படையை விடுத்தான். அதனைத் தடுத்தற்கு அர்ச்சுனனும் அதனையே விடுத்தான். இரண்டும் மோதுமுன் நாரதரும் வியாதரும் இடையே நின்றனர். இத்தகைய படைகள் ஒன்றையொன்று தாக்கிய நாட்டிற் பன்னீராண்டு மழை பெய்யாது என்பது முனிவர் கூற்று. அர்ச்சுனன் தன் படையைத் திரும்ப அழைத்துக்கொண்டான். நோன்பும் வாய்மையும் உடையானுக்கே அஃது இயலும். மற்றவனுக்கு விடுக்கத் தெரிந்ததேயன்றி மீட்கத் தெரிந்திலது. மீட்கலாகாமையின் அப்படையைப் பாண்டவர் குலத்து மகளிர் கருவின்மேற் செலுத்தினான். உத்தரையின் வயிற்றிலிருந்த மகவு அதனாற் பட்டது. ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அன்று கருவிலிருந்த மகவுகளிற் சில தலை சிறுத்து அறிவு குன்றிப் பிறந்தன என்பது மருத்துவர் பல்லாண்டு ஆராய்ந்து கண்டது. பரீட்சித்தை எழுப்பக் கண்ணன் இருந்தான். அசுவத்தாமனையோ, அவன் வீரத்தைப் பாராட்டாது, மூவாயிரம் ஆண்டு தனியனாய் அலைகவென்று சபித்தது பாரதம். விடுத்தபின் மீட்கலாகாமை இன்றைய அணுப்படை அனைத்திற்கும் பொது. ஆகவே நம் நூலில் இதற்கு ஒப்புமை தேடுவார்க்குக் கிடைப்பது அர்ச்சுனன் கைப்படையன்று. அவ்விரவுக் கொலைஞனின் படையே.

தமிழ் வழக்கும் இதற்கு மாறன்று. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய நெட்டிமையார், அவன் அம்பு விடுமுன் ஆவும் அந்தணரும் பெண்டிரும் பிணியாளரும் மகப்பெறாதாரும் அரண் சேர்க என்று அறிவிக்கும் அறத்தைப் புறநானூற்றிற் போற்றினார். நஞ்சூட்டியனவும் தீக்கொளுவியனவுமாகிய படைகளை மனுநூலும் விலக்கியது. இவ்விதிகள் எப்போதும் கைக்கொள்ளப்பட்டன என்று யாம் கூறேம். மீறப்பட்ட போதும் மீறியமை குற்றமென்றே கொள்ளப்பட்டது.

இவ்வாறு கூறுதலாற் சைவம் போரினை முற்றும் வெறுக்கின்றது என்று கொள்ளற்க. வாள்வித்தை பயிற்றிய ஏனாதிநாதரும், வாதாபி சென்று வென்ற சிறுத்தொண்டரும் அடியார் திருக்கூட்டத்தினரே. தவவேடத்தில் வந்த பகைவனைத் தடுக்காது விட்ட மெய்ப்பொருள் நாயனாரைக் காட்டி அரசினர் படையைத் துறக்கவேண்டுமென்று வாதித்தலும் பொருந்தாது. அவர் கொடுத்தது தம் உயிரை. குடிகளின் உயிரைக் கொடுத்தற்கு வேந்தனுக்கு உரிமையில்லை. ஆகலின், பிறர் கையில் இப்படை இருக்கும்வரை நம் கையிலும் இருத்தல் வேண்டும், அஞ்சியேனும் அவர் எறியாதிருப்பர் என்பாரின் கூற்றை யாம் எளிதென்று தள்ளுகிலேம். இருத்தல் வேறு, எறிதல் வேறு.

அங்ஙனம் வைத்திருத்தற்குச் சமய உவமை வேண்டுமென்பார்க்கு ஒன்றுண்டு. பாற்கடலில் ஆலகாலம் எழுந்தபோது தேவரும் அசுரரும் ஒருங்கே ஓடி வந்து அடைந்தனர். இறைவன் அதனை அசுரர்மேல் எறிந்திலன். எறிந்திருப்பின் தேவர் மகிழ்ந்திருப்பர். உமிழவும் இல்லை, விழுங்கவும் இல்லை. தன் கண்டத்தே நிறுத்தி இருதிறத்தாரையுங் காத்தான். அணுப்படையைக் காக்கும் அமைச்சர்க்கு வேண்டுவது இந்நீலகண்டத்தின் நினைவே. ஆயுதங்களுக்குத் திரிசூல், பினாகா என்று பெயரிடுவதனால் அஃது உண்டாகாது. 2009-இல் நீரில் இறக்கிய அணுப்படைக் கப்பலுக்கு அரிஹந்த் என்று பெயர் வைத்தனர். பகைவரைக் கொல்வோன் என்பது அவர் கருதிய பொருள். அகப்பகை வென்ற அருகரைக் குறிக்கும் அச்சொல்லைச் சமணர் நாள்தோறும் வழிபாட்டில் ஓதுகின்றனர். பிற சமயத்தார் மனமும் நினைக்கத்தக்கதே.

இனி முடிக்கவேண்டிய வினா ஒன்றே உளது, கடினமானதும் அதுவே. 2003 ஜனவரி 4-ஆம் நாள் அரசு வெளியிட்ட கொள்கைப்படி இந்நாடு இப்படையை முதலில் எடாது. ஆயின், இதனாற் பிறர் தாக்கினால், பெருந்தாக்காகத் திருப்பித் தாக்கி, பொறுக்கலாகாத கேட்டினை விளைக்கும். முற்பகுதி பாசுபதக் கட்டளையைத் தழுவி நிற்கின்றது. பிற்பகுதி? 1995-இல் ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்திற்கு எழுதிய வாதத்தில் இந்நாடே, பழிக்குப் பழியாக எடுப்பினும் இப்படையை எறிதல் முறையன்று என்று கூறியிருந்தது. அச்சுறுத்தல் பலித்தவழி எறிதல் வேண்டா. பலியாதவழி, நம் நகரங்கள் வெந்தபின், பகைவர் நாட்டுக் குழந்தைகளை எரித்தலால் நம் குழந்தை ஒன்றும் மீளாது. எறியோம் என்று பகைவன் அறியின் அச்சம் நீங்குமே எனின், உண்மை. ஆயின் எறிவேமென்று மெய்யாகவே துணிதல் வேண்டும் என்றாகின்றது. மனம் வாக்குக் காயம் மூன்றானும் வினை ஈட்டப்படும் என்பது நம் துணிபு. இலக்கக்கணக்கான உயிர்களைக் கொல்ல மனத்தாற் பூண்ட உறுதி, எறியப்படுமுன்னரே ஆகாமியமாய் ஏறுகின்றது. ஆணையிடுவார்க்கும் செய்வார்க்கும் மட்டுமன்று, மேடைக்கீழ் இருந்து கைதட்டி உடன்படுவார்க்கும் பங்குண்டு.

இதனை மறக்கருணை என்று சிலர் காட்டப் புகுதல் கூடும். மறக்கருணையாவது, தந்தையும் தாயும் மக்களைத் திருத்தற்பொருட்டு அடிப்பதுபோல, ஒறுக்கப்பட்டவனே திருந்தி உய்தற்குச் செய்வதென்று சிவஞான சித்தியார் விளக்கும். ஒறுப்பாரும் ஒறுக்கப்படுவாரும் ஒருங்கே சாம்பராகும் செயலில் திருந்துவார் யாவர் என்று எமக்குத் தோன்றவில்லை. இப்பெருந்தாக்கினை மறக்கருணையின்பாற் படுத்தற்கு ஆகமத்திலோ மெய்கண்ட நூல்களிலோ பிரமாணம் காட்டவல்லார் உளராயின், அதனை இவ்விதழுக்கு எழுதியனுப்புமாறு வேண்டிக்கொள்கின்றேம்.