அந்தக் காது யாருடையது?

1881-ல் நியூயார்க்கில் எட்வர்ட் டால்பட் ஈலி என்ற மருத்துவர், 12 வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் காதில் அறுவை சிகிச்சை செய்தார். காரணம் நோயல்ல. காதுகள் விடைத்து நின்றதால் கூட்டாளிகள் அவனைக் கேலி செய்தார்கள். தோற்றத்துக்காக மட்டும் காதைத் திருத்திய சிகிச்சைகளில் முதலாவதாக மருத்துவ நூல்கள் இதைத்தான் குறிப்பிடுகின்றன.

140 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் பிள்ளைகளைப் பிளாஸ்டிக் சர்ஜனிடம் கொண்டுவந்து நிறுத்துவது பெரும்பாலும் அதே கேலிதான்.

காது மடலின் குருத்தெலும்பில் விழவேண்டிய ஒரு மடிப்பு சரியாக விழாவிட்டால் காது விரிந்து நிற்கும். காதுத் துளையை ஒட்டிய கிண்ணம் போன்ற பகுதி ஆழமாக இருந்தாலும் அப்படித்தான். நூற்றில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு இப்படி அமைகிறது. கேட்கும் திறன் இதனால் குறைவதில்லை. பிறந்த சில வாரங்களுக்குள் என்றால், தாயின் ஹார்மோன் இன்னும் உடலில் இருப்பதால் குருத்தெலும்பு இளகியிருக்கும். அச்சு வைத்து ஒட்டியே வடிவத்தைத் திருத்திவிடலாம். அந்தக் காலம் தாண்டினால் அறுவை சிகிச்சைதான். காது பெருமளவு வளர்ந்துவிடும் ஐந்து, ஆறு வயதுக்குப் பிறகே அதைச் செய்கிறார்கள். காதின் பின்புறம் கீறி, குருத்தெலும்பை மடித்துத் தைப்பார்கள். ஸ்காட்லாந்து மருத்துவர் ஜாக் முஸ்டார்டே 1963-ல் விவரித்த தையல் முறை இன்றும் கையாளப்படுகிறது. ரத்தம் கட்டலாம், சீழ் பிடிக்கலாம், இரண்டு காதும் ஒன்றுபோல் அமையாமல் போகலாம். சிலருக்குக் காது மறுபடியும் விரிவதுண்டு.

அதனால்தான் இது யாருடைய விருப்பம் என்பது முக்கியமாகிறது.

தன் காதைப் பற்றிய நினைப்பே இல்லாமல் ஆடித் திரியும் ஆறு வயதுப் பிள்ளையை, ‘நாளைக்குக் கல்யாணத்துக்கு இடைஞ்சலாகிவிடும்’ என்று பயந்து தாயும் தகப்பனும் அழைத்து வந்தால், அங்கே சிகிச்சை கேட்பது அவர்களுடைய பயம். அந்தப் பிள்ளைக்காகப் பொறுத்திருக்கலாம். முடி வெட்டும் கடையில் ‘காதை மூடுற மாதிரி விடுங்கண்ணே’ என்று கெஞ்சும், குரூப் போட்டோவில் நிற்க மறுக்கும் 13 வயதுப் பையனின் கதை வேறு. “காந்தித் தாத்தாவுக்கே காது இப்படித்தான்டா” என்ற ஆறுதல் அவனுக்குப் பள்ளி மைதானத்தில் உதவாது. அவன் வேதனையை அழகு மோகம் என்று தள்ளுவது அநியாயம். விவரம் எல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் அவனே வேண்டுமென்று கேட்டால், செய்து வைப்பதில் தவறில்லை.

ஆனால் அதற்கு முன்னால் வீட்டில் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. ‘யானைக் காதா’, ‘முறக் காதா’ என்ற பட்டப்பெயரைப் பல பிள்ளைகள் முதலில் கேட்பது சொந்தக்காரர்கள் வாயிலிருந்துதான். செல்லமாகச் சொன்னாலும் அந்தப் பெயரை இன்றே விட்டுவிடுங்கள். பிள்ளையை அதன் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.