கரிசலில் கை வை!

"இந்தக் கரிசக் காட்டுல என்ன முளைக்கும்?" தூத்துக்குடி மாவட்டத்தில் இப்படிச் சலித்துக்கொள்ளாதவர் குறைவு. எட்டயபுரத்துத் தம்பிகளே, தங்கைகளே, அந்தச் சலிப்பை இன்றோடு விடுவோம்!

நிலாவாரை முளைக்கும். மானாவாரியாகவே முளைக்கும். 'திருநெல்வேலி சென்னா' என்ற பெயரில் நம் வட்டாரத்து நிலாவாரை இலை தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலேறி, கடல் கடந்த ஊர்களில் மலச்சிக்கலுக்கு மருந்தாகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சென்னாவுக்கு இடம் உண்டு. நாம் ஏறெடுத்தும் பார்க்காத நித்தியகல்யாணியிலிருந்து ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து பிரிக்கிறார்கள். உலகத்துக்கு மருந்து அனுப்பும் மண்ணில் நின்றுகொண்டு, நம்மால் என்ன ஆகும் என்று பேசலாமா?

2008-இல் இங்கிலாந்தின் டாட்மார்டன் என்ற சிறு நகரில் பாம் வார்ஹர்ஸ்ட், மேரி கிளியர் என்ற இரு பெண்கள் முன்னின்றார்கள். காவல் நிலைய வாசல், ரயில் நிலையம், கால்வாய்க் கரை என்று சும்மா கிடந்த பொது இடங்களில் காய்கறியும் மூலிகையும் நட்டார்கள். சுகாதார நிலையத்தை ஒட்டி மருந்துச் செடித் தோட்டமே போட்டார்கள். யார் வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளலாம்!

நமக்கு என்ன குறை? பாரதி பிறந்த வீடு, உமறுப்புலவர் தர்கா, முத்துசுவாமி தீட்சிதர் சமாதி என்று வெளியூர்க்காரர் தேடி வரும் இடங்கள் நம் ஊரில் இருக்கின்றன. அந்தத் தெருக்களிலேயே மூலிகை நடத் தொடங்குவோம். உரியவர்களிடமும் பேரூராட்சியிலும் கேட்டு அனுமதி வாங்குங்கள்.

மண்ணை அறிந்து இறங்குங்கள். நனைந்தால் உப்பி, காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்து இளவேரை அறுப்பது கரிசல். முழங்கை ஆழம் குழி தோண்டி, மணலும் மக்கிய குப்பையும் கலந்து, நொச்சிப் போத்தைச் சற்றே சாய்த்து ஊன்றுங்கள். இரண்டு கணு மண்ணுக்குள், இரண்டு கணு வெளியே. சுற்றிலும் சோளத்தட்டையைப் பரப்பினால் ஈரம் நிற்கும், வெடிப்பு குறையும். ஆடு வாய் வைக்காத ஆடாதொடையும் நொச்சியும் வெளிவரிசை. உள்ளே துளசி, கற்பூரவல்லி, மருக்கொழுந்து.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். சாலைப் புழுதியும் சாக்கடைத் தண்ணீரும் பட்ட இலை வாய்க்குப் போகக் கூடாது. அங்கே வாசத்துக்கு மட்டும் வளருங்கள். நித்தியகல்யாணியைத் தின்றால் நஞ்சு. சித்த மருத்துவரைக் கேட்காமல் எதையும் கஷாயம் வைக்காதீர்கள்.

நடுவது ஒரு நாள் வேலை. சித்திரை வெயிலில் குடம் தூக்கி வந்து ஊற்றுகிறீர்களே, வீரம் அங்கேதான் இருக்கிறது! படம் எடுத்துக்கொண்டு கலைந்து போகும் விழா நமக்கு வேண்டாம். எந்த வீடு எந்தக் கிழமை தண்ணீர் ஊற்றும் என்பதை முதலில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். செடி பிறகு வரட்டும். ஐப்பசி மழைக்கு முன் குழி தயாராக வேண்டும். புரட்டாசியிலேயே மண்வெட்டியை எடுங்கள், உங்கள் தெருவில் முதல் குழி உங்கள் வீட்டு வாசலுக்கு எதிரே விழட்டும்!