களைப்பின் எல்லையும் இசைவின் எல்லையும்

மனித உடலின் உழைப்பாற்றலையும் அதன் எல்லைகளையும் ஆராயும் அறிவுத்துறை உடற்பயிற்சி உடற்றொழிலியல் எனப்படும். பாறையை உடைத்து ஆராய்பவனுக்கும் தாவரத்தை அரிந்து நோக்குபவனுக்கும் எழாத ஓர் அறவினா இத்துறையினருக்கு எழுகின்றது. இங்கு ஆராயப்படுபவன் பேசவல்லவன். "சம்மதம்" என்று கூறித் தொடங்கியவன், இடைநடுவில் "போதும்" என்றும் கூறவல்லவன். இவ்விரு சொற்களும் முரண்படும்போது ஆய்வாளன் எதற்குக் கட்டுப்பட்டவன்? இத்துறையில் பரிசோதனைக்கு உட்படுவோருட் பலர் பல்கலைக்கழக மாணவர். பட்டப்படிப்புக்கான ஆய்வுகளில் அவர்களைப் பரிசோதிப்போரும் மாணவரே. ஆதலின் இவ்வினாவை மருத்துவ பீடத்துக்கு மாத்திரம் உரியதென ஒதுக்கிவிடல் பொருந்தாது.

இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவரான ஏ. வி. ஹில், தசையின் வெப்பம் பற்றிய ஆய்வுக்காக 1922 ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசை ஒற்ரோ மையர்ஹோவுடன் பகிர்ந்துகொண்டவர். அக்காலத்தில் அவர் மாஞ்செஸ்ரரில் முதுகிலே காற்றுப்பையைச் சுமந்து புற்றரையைச் சுற்றி ஓடித் தமது மூச்சையே சேகரித்து ஆராய்ந்தார். ஓட்டத்தின் வேகம் கூடக்கூட உடல் உள்ளெடுக்கும் ஒட்சிசனும் கூடிச்சென்று, ஒரு கட்டத்தின் பின் கூடாது நின்றுவிடுகின்றது என்னும் கருத்து அவ்வாய்வுகளின் வழி உருவாயிற்று. தன்னைத் தானே வருத்திக்கொள்வோன் விரும்பியபோது நிறுத்திக்கொள்வான். ஒருவன் ஓட, இன்னொருவன் அளக்கும் நிலை ஏற்பட்டபோதே அறச்சிக்கல் முழு உருவம் பெற்றது.

இன்றைய ஆய்வுகூடத்தில் நிகழ்வதை நோக்குவோம். வாயையும் மூக்கையும் மூடிய கவசத்துடன் ஒருவன் நகரும் பட்டியின் மீது ஓடுகின்றான். சிறிது நேரத்துக்கு ஒருமுறை பட்டியின் வேகமோ சாய்வோ கூட்டப்படுகின்றது. அளக்கப்பட வேண்டியது அவனது உச்சநிலையாதலால், அவன் களைத்து நிற்கும்வரை பரிசோதனை தொடரும். முன்கூட்டியே நின்றுவிட்டால் பெறுபேறு பயனற்றதாகலாம். எனவே சூழ நிற்போர் "இன்னும் சிறிது" என்று ஊக்கக்குரல் எழுப்புவர். அக்குரலும் பரிசோதனை முறையின் ஒரு பகுதியாகவே கொள்ளப்படுகின்றது. விரும்பியபோது விலகலாம் என்று உறுதியளித்தவரே, இப்போது விலகாதே என்று தூண்டுகின்றனர்.

இத்தூண்டுதலுக்கு விஞ்ஞானம் ஒரு நியாயத்தையும் வழங்குகின்றது. இத்தாலியின் தூரின் நகரில் ஆய்வு நடத்திய அஞ்சலோ மொசோ, களைப்பைப் பற்றி 1891 இல் வெளியிட்ட நூலில், மூளையின் உழைப்பு தசையின் ஆற்றலையும் குறைக்கின்றது என்று காட்டினார். 1961 இல் இக்காயும் ஸ்ரைன்ஹவுசும் வெளியிட்ட ஆய்வில், திடீரெனக் கேட்ட வேட்டொலியும் தானே எழுப்பிய கூச்சலும் ஒருவனது கைவலுவைக் கூட்டக் காணப்பட்டன. தனது முழு வலு என்று ஒருவன் கருதுவது உண்மையில் முழு வலுவன்று என்பது இதனாற் பெறப்படும். "போதும்" என்று அவன் கூறும்போதும் தசையில் ஆற்றல் எஞ்சியிருக்கக்கூடும். அவ்வாறாயின், மெய்யல்லாத ஓர் எல்லையை ஏன் மதிக்கவேண்டும் என ஆய்வாளன் வினவலாம்.

இவ்வாதம் ஒரு மயக்கத்தின் மீது எழுந்ததாகும். "என்னால் முடியாது" என்பது உடலின் நிலை பற்றிய செய்தி. அது மெய்யாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். கருவி கொண்டு சோதிக்கத்தக்கது. "போதும்" என்பதோ செய்தியன்று. தன் உடலின் மீது உரிமையுடைய ஒருவன் எடுத்த முடிவு. முடிவை மெய், பொய் எனப் பாகுபடுத்தல் இயலாது. ஒருவனது பையிற் பணம் எஞ்சியிருப்பதைக் கண்டறிதல் அதனை எடுக்கும் உரிமையைப் பிறனுக்குத் தருவதில்லை. தசையில் எஞ்சிய ஆற்றலும் அத்தகையதே. மனிதனை வெறுங் கருவியாக மாத்திரம் கொள்ளலாகாது என்னும் கான்ற்றின் கோட்பாடு இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது.

முன்னர் அளித்த வாக்கு, பின்னர் வரும் தளர்ச்சியைக் கட்டுப்படுத்தலாகாதா என்று கேட்கப்படலாம். கிரேக்க காவிய நாயகனான ஒடிசியஸ், தன்னைப் பாய்மரத்திற் கட்டுமாறும், அவிழ்த்துவிட வேண்டினால் மேலும் இறுகக் கட்டுமாறும் தோழரைப் பணித்தான். இதன் சாயலை, மினசோற்றாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் 1944-45 இல் நடத்திய பட்டினிப் பரிசோதனையிற் காணலாம். மனச்சாட்சியின் காரணமாகப் போரிட மறுத்த 36 இளைஞர், பட்டினியால் வாடிய ஐரோப்பிய மக்களுக்கு உதவ வேண்டுமென முன்வந்து, 24 வாரம் அரைப்பட்டினி கிடந்தனர். உணவு விதி மீறப்பட்டபின், துணையின்றி வெளியே செல்வது தடுக்கப்பட்டது. மன உறுதியைக் காப்பதற்குத் துணை நிற்பது தவறன்று. ஆயினும் ஒடிசியஸ் தன் உயிரைக் காக்கவே கட்டுண்டான். கட்டியவரும் அவனது ஏவலர். பரிசோதனையிலோ பயனும் பிறர்க்கு, ஏவலும் பிறரது. "நான் விலகுகின்றேன்" என்று தெளிவாகக் கூறியவனைத் தடுக்கும் கணத்திலே துணை காவலாக மாறிவிடுகின்றது.

1947 ஆம் ஆண்டின் நூரம்பேர்க் நெறிக்கோவை, இனித் தொடர இயலாது என்று தனக்குத் தோன்றும் நிலையை அடைந்தவன் பரிசோதனையை முடித்துக்கொள்ளலாம் என்றது. அவனுக்கு அவ்வாறு தோன்றுதலே அமையும், மெய்ப்பிக்க வேண்டியதில்லை. ஹெல்சிங்கிப் பிரகடனத்தின் 1975 ஆம் ஆண்டுத் திருத்தம் எவ்வேளையிலும் விலகும் உரிமையை வற்புறுத்தியது. ஆய்வாளரைச் சார்ந்த நிலையில் உள்ளோரிடம், ஆய்வோடு தொடர்பற்ற வேறொருவரே இசைவைப் பெறவேண்டும் என்றும் கூறியது. புள்ளியிடும் விரிவுரையாளரின் முன் நிற்கும் மாணவன் இத்தகையோன். நண்பனின் ஆய்வு கெட்டுவிடுமே என்று கூசும் தோழனின் நிலையும் ஏறக்குறைய இதுவே. இவர்களது "சம்மதம்" எளிதிற் கிடைக்கும். "போதும்" எளிதில் வெளிவராது. ஆதலின் அது வெளிவரும்போது இருமடங்கு மதிப்புக்குரியது.

விலகும் உரிமையால் அறிவு குன்றும் என்று அஞ்சுவோர் டலஸ் ஆய்வை எண்ணிப் பார்த்தல் நன்று. 1966 இல் அமெரிக்காவின் டலஸ் நகரில், 20 வயதுடைய ஐந்து மாணவர் ஆய்வுக்காக மூன்று வாரம் படுக்கையிற் கிடந்தனர். 1996 இல் அவ்வைவரும் மீண்டும் பரிசோதனைக்கு வந்தனர். முப்பது ஆண்டு மூப்பிலும் பார்க்க, மூன்று வாரப் படுக்கையே அவர்களது ஒட்சிசன் உள்ளெடுக்கும் உச்ச ஆற்றலை மிகுதியாகக் குறைத்திருந்தமை தெரியவந்தது. 1966 இல் அளித்த எந்த வாக்கும் 1996 இல் அவர்களைக் கட்டுப்படுத்தியிராது. மறுக்கக்கூடியவர்கள் மறுக்காது வந்தமையாலேயே அவ்வறிவு கிட்டிற்று. எனவே ஆய்வுகூடத்தில் முதலில் ஆயத்தமாக வேண்டியவை, பட்டியை நிறுத்தும் பொத்தானும், அதனை அழுத்தியவனிடம் காரணம் கேளாத மனமுமாகும்.