தூக்கினது ஒரு நாள், கழுவினது பல வருஷம்

தியானப் பகுதி: எரேமியா 38:6-13, யோவான் 11:43-44

 

இந்த மாதம் கடலுக்கு அடியில் கிடந்த ஒரு யுத்த விமானத்தைக் குறித்து உங்களோடு பேசும்படி ஏவப்பட்டேன். "கீழக்குயில்குடியில் கடலும் இல்லை, விமானமும் இல்லை, நமக்கு எதுக்கு இது?" என்று கேட்பீர்கள். பொறுமையாய் வாசியுங்கள். நம்முடைய சபைகளில் கை தூக்கி, கண்ணீரோடு முன்னால் வந்து, மூன்று மாதத்தில் காணாமல் போகிறவர்களைப் பற்றிய காரியம் இது.

1. தேடுகிற அன்பு

2016-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் தேதி காலையில், தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து அந்தமானின் போர்ட் பிளேருக்கு ஏ.என்-32 என்ற விமானம் ஒன்று புறப்பட்டது. அதில் 29 பேர் இருந்தார்கள். வங்கக் கடலுக்கு மேலே போகும்போது ராடாரிலிருந்து மறைந்துவிட்டது. கப்பல்கள் தேடின, விமானங்கள் தேடின. ஒன்றும் அகப்படவில்லை. 29 வீடுகளில் சாப்பாடும் தூக்கமும் போயிற்று.

2024 ஜனவரியில், சென்னையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லாத நீர்மூழ்கிக் கருவி ஒன்று 3400 மீட்டர் ஆழத்தில் கடலடியைப் படம் எடுத்தது. அந்தப் படங்களை ஆராய்ந்து பார்த்தபோது, கிடந்தது ஏ.என்-32 விமானத்தின் பாகங்கள் என்று தெரிய வந்தது. ஏழரை வருஷம், பிரியமானவர்களே! அந்தக் குடும்பங்களுக்கு அது ஆறுதலா, புதிய துக்கமா என்று நாம் சொல்ல முடியாது. ஆனால் "எங்கே?" என்ற கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தது.

காணாமற்போன ஒரு வெள்ளிக்காசுக்காக விளக்கைக் கொளுத்தி, வீட்டைப் பெருக்கி, கிடைக்கும் வரைக்கும் தேடின ஸ்திரீயை ஆண்டவர் நமக்குக் காட்டினார். தேடுகிறது தேவனுடைய சுபாவம். உங்கள் மகன் ஏழு வருஷமாய் வீட்டை விட்டுப் போயிருக்கலாம். அவன் எந்த ஆழத்தில் கிடந்தாலும் கர்த்தருடைய கண்ணுக்கு மறைவானவன் அல்ல. அல்லேலூயா!

2. காயப்படுத்தாமல் தூக்குகிற அன்பு

மூன்றரை கிலோமீட்டர் ஆழத்திலிருந்து அந்த விமானம் மேலே கொண்டுவரப்படவில்லை. ஆனால் இன்னொரு விமானத்தைக் கடலிலிருந்து தூக்கிய சரித்திரம் உண்டு. அது இரண்டாம் உலக யுத்த காலத்து விமானம்.

1940 ஆகஸ்ட் 26-ஆம் தேதி, இங்கிலாந்தின் மேல் குண்டு போட வந்த டோர்னியர் 17 என்ற ஜெர்மன் விமானம் சுடப்பட்டு, கெண்ட் கடற்கரையில் டீல் என்ற ஊருக்கு எதிரே இருக்கிற குட்வின் மணல்திட்டில் விழுந்தது. உள்ளே இருந்த நான்கு பேரில் இரண்டு பேர் மாண்டார்கள். இரண்டு பேர் சிறைப்பட்டார்கள். விமானம் தலைகீழாய்ப் புரண்டு சுமார் 50 அடி ஆழத்தில், நம்ம ஊர் தோட்டத்துக் கிணற்று ஆழத்தில், கிடந்தது. மணல் அதை மூடிப் பாதுகாத்தது. பிற்பாடு மணல் நகர்ந்தது, விமானம் வெளியே தெரிந்தது. 2008-ல் அதைக் கண்டுபிடித்தார்கள். இந்த வகை விமானங்கள் ஏராளமாய்ச் செய்யப்பட்டிருந்தும், ஓரளவு முழுசாய் மிஞ்சினது இது ஒன்றுதான். டயர்களில் காற்றுகூட இறங்காமல் இருந்ததாம்!

அது யாருடைய விமானம் என்று கவனித்தீர்களா? அழிக்க வந்த சத்துருவின் விமானம். தூக்கினவர்கள் யார்? அதே இங்கிலாந்தின் விமானப்படை அருங்காட்சியகத்தார். அதற்கென்று அந்த நாட்டுப் பாரம்பரிய நிதியிலிருந்து மூன்று லட்சத்து நாற்பதாயிரம் பவுண்டுக்கு மேல் கொடுத்தார்கள். உலகத்து மனுஷரே சத்துருவின் உடைந்த விமானத்துக்கு இவ்வளவு செய்வார்களானால், நம்மைத் திட்டினவன், நம் கூட்டத்தில் கல் எறிந்தவன் குழியில் விழும்போது நாம் என்ன செய்கிறோம்? "நல்லா வேணும்" என்கிறோமா?

2013-ல் வேலை துவங்கியது. விமானத்தைச் சுற்றிலும் ஒரு சட்டம் கட்டி, அந்தச் சட்டத்தோடு தூக்க வேண்டும் என்று திட்டம் போட்டார்கள். ஆனால் காற்றும் அலையும் விடவில்லை. முக்குளிப்பவர்கள் இறங்க முடியாமல் நாட்கள் போயின, பணமும் கரைந்தது. கடைசியில் திட்டத்தை மாற்றினார்கள். விமானத்தில் இன்னும் பலமாய் இருக்கிற இடங்கள் எவை என்று பார்த்து, அந்த இடங்களில் மட்டும் கயிறு மாட்டி, ஜூன் 10-ஆம் தேதி மெதுவாய் மேலே தூக்கினார்கள். பலவீனமான இடத்தில் மாட்டியிருந்தால் ஒடிந்து போயிருக்கும்.

இதை வாசிக்கும்போது எனக்கு எபெத்மெலேக்கு ஞாபகத்துக்கு வந்தான். எரேமியா தீர்க்கதரிசியைத் தண்ணீரில்லாத துரவில் இறக்கிவிட்டார்கள். அவர் சேற்றில் அமிழ்ந்திருந்தார். ராஜாவின் அரமனையில் வேலை செய்த எத்தியோப்பியன் ஒருவன் முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு போனான். கயிறு மட்டும் கொண்டு போனானா? இல்லை. கிழிந்த பழந்துணிகளையும் கந்தைகளையும் தேடி எடுத்துக்கொண்டு போய், கயிறு அறுக்காதபடிக்கு அக்குளில் வைத்துக்கொள்ளும்படி சொன்னான். அதற்குப் பிறகுதான் இழுத்தார்கள்.

தேவ ஜனமே, நம்மிடத்தில் கயிறு நிறைய இருக்கிறது. வசனம் இருக்கிறது, பிரசங்கம் இருக்கிறது, கண்டிப்பு இருக்கிறது. கந்தைத் துணி இருக்கிறதா? குடியிலிருந்து வெளியே வர நினைக்கிறவனை எல்லாருக்கும் முன்பாக "இத்தனை வருஷம் பெண்டாட்டி பிள்ளையை அடிச்சவன்தானே நீ" என்று இழுத்தால், அவனுடைய மனசு அறுந்துவிடும். அவனுக்குள் இன்னும் பலமாய் இருக்கிற இடம் ஒன்று உண்டு. ஒருவனுக்கு அது மகள்மேல் வைத்த பாசம். ஒருவனுக்கு அவன் கற்றுக்கொண்ட கொத்து வேலை. அந்த இடத்தில் கயிற்றை மாட்டுங்கள்.

3. உப்பை எடுக்கிற அன்பு

சரி, விமானம் மேலே வந்துவிட்டது. எல்லாரும் கை தட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். வேலை முடிந்ததா? இல்லை, இனிமேல்தான் ஆபத்தே!

நம்ம ஊர் வீடுகளைப் பாருங்கள். உவர்த் தண்ணியில் கட்டின சுவர் ஈரமாய் இருக்கும் வரைக்கும் நன்றாய்த்தான் தெரியும். வெயில் ஏறி அது காய ஆரம்பித்ததும் உப்பு பூக்கும். பூச்சு பொரிந்து பொலபொலவென்று உதிரும். வெளியே எத்தனை தரம் வெள்ளை அடித்தாலும் நிற்காது. ஏன்? உப்பு உள்ளே இருக்கிறது.

அந்த விமானத்துக்கும் அதுதான் கதி. அலுமினியத்துக்கு மேலே இயற்கையாகவே ஒரு மெல்லிய படலம் உண்டு, அது உலோகத்தைக் காக்கும். கடல் உப்பு அந்தப் படலத்தைத் துளைத்துவிடும். எழுபது வருஷமாய் உப்பு ஒவ்வொரு இடுக்கிலும் ஏறியிருக்கிறது. மணலுக்கு அடியில் காற்று குறைவு, ஆகையால் அரிப்பும் மெதுவாய் நடந்தது. வெளியே கொண்டுவந்து சும்மா காயவிட்டால், காற்றும் உப்பும் சேர்ந்து வேகமாய்த் தின்றுவிடும். கடலில் எழுபது வருஷம் தாங்கினது கரையில் சீக்கிரமே பொடியாகிவிடும்! நம்ம சமணர் மலையில் செதுக்கின உருவங்கள் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக வெயிலிலும் மழையிலும் நிற்கின்றன. அது கல், அதற்கு முடியும். கடலில் கிடந்த அலுமினியத்துக்கு முடியாது.

ஆகையால் என்ன செய்தார்கள் தெரியுமா? அதைக் காயவே விடவில்லை. காஸ்ஃபோர்டு என்ற இடத்துக்குக் கொண்டுபோய், நீளமான பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் வைத்து, மேலே தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரி விஞ்ஞானிகள் ஆராய்ந்து சொன்னபடி, அந்தத் தண்ணீரில் எலுமிச்சம்பழத்தில் இருக்கிற சிட்ரிக் அமிலத்தைக் கொஞ்சமாய்க் கலந்து, அதன் புளிப்பு உலோகத்தைத் தின்றுவிடாதபடிக்குக் காரமும் சேர்த்து மட்டுப்படுத்தினார்கள். புளி போட்டுப் பித்தளைச் செம்பு விளக்குகிற நம்ம தாய்மாருக்கு இது நன்றாய்ப் புரியும். அமிலம் கூடினால் விமானமே போய்விடும், குறைந்தால் அழுக்கு போகாது. ஒட்டியிருந்த சிப்பிகளையும் படிவுகளையும் மெதுவாய்க் கையால் எடுத்தார்கள். தூக்கினது ஒரே நாள். கழுவினதோ மாதக்கணக்கைத் தாண்டி வருஷக்கணக்காயிற்று.

பிரியமானவர்களே, இப்போது நம்மை நாமே பார்ப்போம். ஒரு வாலிபன் முழு இரவு ஜெபத்தில் உடைக்கப்பட்டு முன்னால் வருகிறான். சந்தோஷம்! அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவன் கையில் மைக்கைக் கொடுத்து சாட்சி சொல்லச் சொல்கிறோம். அதற்கு அடுத்த வாரம் பக்கத்து ஊர்க் கூட்டத்துக்கு அழைத்துப் போய் நிறுத்துகிறோம். வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டோம், உள்ளே இருக்கிற உப்பை யார் பார்த்தது? மூன்றாம் மாதம் சனிக்கிழமை சாயங்காலம் கூலி கையில் வந்ததும் அவன் கால் பழைய கடைக்குப் போகிறது. உடனே "அவன் உண்மையாய் மனந்திரும்பவில்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அவன் மனந்திரும்பினது உண்மைதான், ஐயா! கடலிலிருந்து வந்தவனை வெயிலில் போட்டுவிட்டோம், அவ்வளவுதான்.

லாசருவை எண்ணிப் பாருங்கள். கல்லறையிலிருந்து கூப்பிட்டது ஆண்டவர். செத்தவனை உயிரோடு எழுப்ப அவரால் மாத்திரம் ஆகும். ஆனால் அவன் கைகால்களில் சுற்றியிருந்த பிரேதத் துணிகளை அவிழ்த்துவிடும் வேலையைச் சுற்றி நின்றவர்களிடத்தில் கொடுத்தார். அந்த வேலை இன்றைக்கும் நம்முடையது.

அதற்கு என்ன செய்யலாம்? சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அவனோடு கூட நடந்து வீட்டு வாசல் வரைக்கும் போக ஒரு சகோதரன் வேண்டும். கூலிப் பணம் நேரே வீட்டுக்குப் போய்ச் சேரும்படி அவனே சம்மதித்து ஒரு ஏற்பாடு செய்யலாம். இரும்பும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டபடி உப்புத் தண்ணீரில் கிடந்தால் அலுமினியம்தான் முதலில் அரித்துப்போகும். அதுபோலப் பழைய கூட்டாளிகளின் சாவகாசம் கொஞ்ச காலம் விலகியிருக்கட்டும், அந்த இடத்தில் நம்முடைய ஐக்கியம் இருக்கட்டும். பல வருஷமாய் அதிகமாய்க் குடித்தவர்கள் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகையால் அவனை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அது அவிசுவாசம் அல்ல. ஜெபித்துக்கொண்டே அழைத்துப் போங்கள். தினமும் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிற வேலை இது. இதற்கு மேடையும் இல்லை, மாலையும் இல்லை. பரலோகத்தில் பலன் உண்டு.

4. தழும்பை மறைக்காத அன்பு

கடைசியாக ஒரு காரியம். அந்த விமானத்தைப் பளபளவென்று புதுசாக்க அவர்கள் விரும்பவில்லை. உடைந்ததை உடைந்தபடியே, வளைந்த விசிறிகளை வளைந்தபடியே காக்க வேண்டும், இனிமேல் அரிக்காமல் இருந்தால் போதும் என்று தீர்மானித்தார்கள். விழுந்தபோது வளைந்த அந்த விசிறிகளைப் பார்க்கிறவன் யுத்தம் என்ன செய்யும் என்று தெரிந்துகொள்வான்.

உயிர்த்தெழுந்த ஆண்டவரும் தம்முடைய கைகளிலிருந்த காயங்களைத் தோமாவுக்குக் காட்டினார். மகிமையின் சரீரத்திலும் தழும்பு இருந்தது. சகோதரியே, உன்னுடைய கடந்த காலத்தின் தழும்பு இன்னும் தெரிகிறதே என்று வெட்கப்படாதே. தழும்பு இருக்கலாம், அரிப்பு இருக்கக்கூடாது. சபையாரே, ஒருவருடைய தழும்பைப் பார்த்து "இவன் இன்னும் சரியாகவில்லை" என்று சொல்லாதிருங்கள்.

இந்த வாரம் ஒரு பெயரை எழுதுங்கள். சபைக்கு வந்து, பிறகு வராமல் போன ஒருவரின் பெயர். ஜெபக் குறிப்பில் மாத்திரம் எழுதி வைக்காமல், அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். போகும்போது கயிற்றோடு கந்தைத் துணியையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஜெபம்: அன்பின் பரலோகத் தகப்பனே, ஆழத்திலிருந்து எங்களைத் தூக்கினீரே, ஸ்தோத்திரம். எங்களுக்குள் இன்னும் ஊறிக் கிடக்கிற உப்பை அனுதினமும் கழுவும். தூக்கப்பட்டவர்களை வெயிலில் விட்டுவிடாதபடி எங்களுக்குப் பொறுமையைத் தாரும். இதை வாசிக்கிற ஒவ்வொரு குடும்பத்திலும் காணாமற்போன பிள்ளையைத் தேடிக் கொண்டுவாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.