பூஞ்சையும் தழும்பும்

உண்மையான சொற்களை மட்டுமே கொண்டு ஒரு பொய்யைச் சொல்லிவிட முடியுமா? முடியும் என்பது வக்கீல்களுக்குத் தெரியும். கல்யாணத் தரகர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். புகைப்படத்திலும் அவ்வாறு செய்ய ஒரு கருவி உண்டு என்பதை நான் அண்மையில்தான் கண்டேன்.

சேலம் போகும் பாதையும் பெங்களூர் போகும் பாதையும் பிரிகின்ற ஜோலார்பேட்டையில், வண்டிக்குக் காத்திருந்த ஒரு பிற்பகல். அங்கே ஒரு சிறு ஸ்டூடியோவில் ஓர் இளைஞர் பழைய படம் ஒன்றைக் கம்ப்யூட்டரில் சீர்செய்துகொண்டிருந்தார். 1990-இல் வெளிவந்த போட்டோஷாப்பில் ரப்பர் ஸ்டாம்ப் வடிவில் ஓர் அடையாளம் இருக்கிறது. குளோன் ஸ்டாம்ப் என்கிறார்கள். 'ஆல்ட்' விசையை அழுத்திக்கொண்டு, கறையில்லாத ஓர் இடத்தை முதலில் தொட்டுக் காட்ட வேண்டும். பிறகு கறையின் மேல் தூரிகையை ஓட்டினால், தொட்டுக் காட்டிய இடத்திலுள்ள புள்ளிகள் அப்படியே வந்து கறையை மூடுகின்றன. தூரிகை நகர நகர, எடுக்கும் இடமும் அதே தொலைவில் நிழல்போலக் கூடவே நகர்கிறது. விளிம்பு மென்மையாக இருப்பதால் ஒட்டுப் போட்டது தெரிவதில்லை. 2002-இல் வந்த 'ஹீலிங் பிரஷ்' இன்னும் சாமர்த்தியசாலி. அக்கம்பக்கத்தின் நிறத்துக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கருவி எதையும் கற்பனை செய்வதில்லை. அது வைக்கும் ஒவ்வொரு புள்ளியும் அதே படத்தில் வேறோர் இடத்தில் மெய்யாக இருந்ததுதான். இடம் மாறிய ஒரே குற்றத்தால் அது பொய்யாகிறது.

அந்தப் படம், அருகே உட்கார்ந்திருந்த அம்மாளின் காலஞ்சென்ற கணவருடையது. சுவரின் ஈரத்தால் பூஞ்சை படிந்து முகமெங்கும் சிறு சிறு புள்ளிகள். இளைஞர் படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தார். அந்த அம்மாள் சற்று நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, கன்னத்துல இருந்ததையும் எடுத்துட்டியா? அது அம்மைத் தழும்புப்பா. என்னைக் கட்டிக்கிட்டு வந்தப்பவே இருந்துச்சு."

"எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதாம்மா தெரிஞ்சுது."

அவரைக் குறை சொல்வதற்கில்லை. பெரியம்மை 1975-ஓடு இந்தியாவை விட்டுப் போய்விட்டது. இருபது வயதுக்காரருக்குத் தழும்பு விழுந்த முகம் எவ்வளவு பழக்கம்? மேலும், திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் பூஞ்சையும் புள்ளி, தழும்பும் புள்ளி. ஒன்று காகிதத்துக்கு வந்த நோய்; மற்றது மனிதருக்கு வந்த நோய். முதலாவதை நீக்கினால் அவரை மீட்கிறோம். இரண்டாவதையும் நீக்கினால் வேறு யாரையோ சுவரில் மாட்டி மாலை போடுகிறோம். அரைமணி நேரம் அந்த அம்மாள் திரையில் விரலை வைத்து, "இது அவரோடது, இது இல்லே" என்று பிரித்துக் கொடுத்தார். அவர் இருந்தார், கேட்க முடிந்தது. பேரன் பேத்திகள் அந்தப் படத்தைச் சீர்செய்யக் கொண்டுவரும் நாளில் யாரைக் கேட்பது?

இந்த வட்டாரத்துக்கு இந்தக் கேள்வி புதிதன்று. மாடு உயிரோடிருந்தபோது பட்டதெல்லாம் அதன் தோலில் எழுதியிருக்கும்: முள் கீறல், உண்ணிக் கடி, சூடு போட்ட தடம். பழுது மிகுந்த தோலின் மேல்முகத்தைத் தேய்த்து, வர்ணம் பூசி, சூடான தகட்டால் அழுத்தி, நல்ல தோலின் வரிகளை அதன்மேல் பதிப்பது தோல் தொழிலில் ஒரு முறை. ஆனால் அதற்கு 'கரெக்டட் கிரெயின்' என்று ஒரு பெயர் உண்டு. தீண்டாத தோலுக்கு விலை அதிகம். வியாபாரிக்கு வியாபாரி அதை மறைப்பதில்லை. செருப்புக் கடையில் நம்மிடம் யாரும் சொல்வதில்லை என்பது வேறு விஷயம்!

படத்துக்கு அப்படித் தனிப்பெயரும் இல்லை, தனி விலையும் இல்லை. 2006 ஆகஸ்டில், லெபனான் போரின்போது, அத்னான் ஹஜ் என்பவர் எடுத்த பெய்ரூத் படம் ஒன்றை ராய்ட்டர்ஸ் நிறுவனம் வெளியிட்டது. குண்டுவீச்சால் எழுந்த புகை மெய்யானதுதான். அந்தப் புகையிலிருந்தே கொஞ்சம் எடுத்துப் பக்கத்தில் பதித்துப் பெருக்கியிருந்தது. ஒரே சுருள் திரும்பத் திரும்ப வந்ததைக் கூர்ந்து பார்த்தவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ராய்ட்டர்ஸ் அவருடைய படங்கள் 920-ஐயும் விற்பனையிலிருந்து விலக்கிக்கொண்டது. ஏமாற்றும் எண்ணம் தமக்கு இல்லை என்று அவர் மறுத்தார். படத்தில் இருந்த தூசியைத்தான் துடைக்க முயன்றாராம்.