தொகுத்தலும் குவித்தலும் பதுக்கலும்

மக்கள் பொருள்களைச் சேர்க்குமாறு மூவகைப்படும். ஒன்று தொகுத்தல், மற்றொன்று குவித்தல், பிறிதொன்று பதுக்கல். வெளிநின்று நோக்குவார்க்கு மூன்றும் ஒரு தன்மையவாகவே தோன்றும். ஆயினும் முதலாவது அறிவின் பாற்படும். இரண்டாவது அவாவின் பாற்படும். மூன்றாவது அச்சத்தின் பாற்படும். இவற்றின் எல்லை யாண்டுளது என்பதே ஈண்டு ஆராயப்படுவதாம்.

நாணயமும் முத்திரையும் சேர்ப்பாரிடத்து இவ்வெல்லை பிறழினும் பிறர்க்கு வருங் கேடு சிறிது. துவக்குச் சேர்ப்பாரிடத்து அது பிறழின் உயிர்க்கேடாய் முடியும். ஆதலின் துவக்கை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வாம். அதற்கு வேண்டுஞ் சான்றுகள் நம் ஊவா நாட்டிலேயே உள்ளன.

துவக்கில் விருப்பமுடையார் தம்முள் இதனைக் குறித்து வழக்கிட்டுக்கொள்வதுண்டு. பத்து உடையான் தொகுப்போன், நூறு உடையான் குவிப்போன் என எண்ணால் வரையறுப்பாரும் உளர். அது பொருந்தாது. தொகுப்போன் தன்னிடத்துள்ள சக்கிமுக்கித் துவக்கு எந்நாட்டது, எக்காலத்தது, யார் கைப்பட்டது என்பன அறிவான். ஒன்றற்கும் மற்றொன்றற்கும் உள்ள இயைபைக் காட்டுவான். கற்க வந்தார்க்குத் திறந்து வைப்பான். தன் வரிசைக்கு வேண்டாததைப் பிறனுக்குக் கொடுத்துவிடுவான். குவிப்போன் அறிவது எண் ஒன்றே. பதினொன்றாவதாக வந்ததன் மகிழ்ச்சி பன்னிரண்டாவதன்மேல் ஆசை எழுமளவும் நிற்கும். பதுக்குவோனுக்கோ அம்மகிழ்ச்சியுமில்லை. நாளை கிட்டாதென்னும் அச்சத்தால் தோட்டாக்களைப் பெட்டி பெட்டியாக அடுக்கி, அவை அங்கிருப்பதைப் பிறர் அறிவரோ என்று மேலும் அஞ்சுவான்.

இனி ஒரு வரலாறு கூறுவாம். மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ் என்பவர் இலங்கை றைபிள் படையைச் சார்ந்தவர். பதுளையில் உதவி அரசாங்க ஏசண்டராகவும் நீதிபதியாகவும் இருந்தவர். ஊரார் நன்மதிப்பைப் பெற்றவர். நண்பரும் அயலாருமாகிய பலவகுப்பினரும் அவர் நினைவாக எழுப்பிய புனித மாற்கு ஆலயம், 1857 ஆம் ஆண்டு நிறைவுற்று, இன்றும் பதுளை நகரில் நிற்கின்றது. இத்தகையவர் தம் கையால் சுட்டு வீழ்த்திய யானைகள் 1400 க்கு மேற்பட்டன என்று, 1859 இல் வெளிவந்த தமது இலங்கை நூலில் எமர்சன் தெனன்ட் குறிக்கின்றார். அத்தொகையிற் பாதிக்கு மேல் கொன்றவரும், ஏறக்குறைய அவ்வளவு கொன்றவரும் அக்காலத்து வேறு இருந்தனர்.

யானை பயிரை அழித்தலின் அது குற்றமாகாதென்பார் ஒருசாரார். யானைகொன்றார்க்கு அரசாங்கமே அந்நாளிற் பரிசளித்ததும் உண்மையே. வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 1848 க்கு முற்பட்ட மூன்றாண்டிற்குள் 3500 யானைகளுக்கும், தென்மாகாணத்தில் 1851 முதல் 1856 வரை 2000 யானைகளுக்கும் பரிசு வழங்கப்பட்டது. ஆயினும் பயிரைக் காப்பவன் பயிருள் வந்த யானையோடு ஒழிவான். பயிர் விளையாத காட்டினுள்ளும் புகுந்து மந்தையைத் தேடுவானாயின் அவன் காப்பது பயிரன்று. இலங்கை யானைகளுட் பெரும்பாலானவற்றிற்குத் தந்தமில்லை. ஆகவே சுட்டவன் கைக்கு வந்த பொருள் மிகச் சிறிது. எஞ்சியது தொகை ஒன்றே. துவக்கைக் குவிப்பாரும் உளர். துவக்கால் ஆகிய எண்ணைக் குவிப்பாரும் உளர். பின்னது முன்னதினும் கொடிது. வீட்டிற் பொருளைக் குவிப்பவனை வீட்டின் சுவராவது தடுக்கும். எண்ணைக் குவிப்பவனைத் தடுக்குஞ் சுவர் யாதுமில்லை.

1845 ஆம் ஆண்டு யூன் 7 ஆம் நாள் அப்புத்தளையில் இடி விழுந்து றொஜர்ஸ் மாண்டார். கொன்ற பாவம் இடியாய் வந்ததென்று பலர் கூறுவர். சைவசித்தாந்தம் உணர்ந்தோர் அவ்வாறு விரைந்து கூறார். யார்க்கு எவ்வினை எக்காலத்து எவ்வாறு பயன்றரும் என்பது இறைவன் ஒருவனே அறிவது. இடியால் இறந்தவரெல்லாம் கொலைஞருமல்லர். கொன்றவரெல்லாம் இடியால் இறந்தவருமல்லர். இவ்வரலாற்றில் நாம் அஞ்சத்தக்கது வேறொன்றுண்டு. நல்லவர், அலுவலிற் சிறந்தவர், சட்டத்திற்கு மாறாக ஒன்றுஞ் செய்யாதவர் ஆகிய ஒருவர், எல்லையைக் கடந்த நாளை அறியாமலே கடந்துவிட்டார் என்பதே அது.

நம் புராணத்தும் யானைக்கொலை ஒன்றுண்டு. கருவூரிலே சிவகாமியாண்டார் திருப்பூங்கூடையைப் பறித்துச் சிந்திய பட்டத்து யானையை எறிபத்தநாயனார் தம் மழுவால் வெட்டி வீழ்த்தினார், பாகரும் வீழ்ந்தனர். வந்த புகழ்ச்சோழர் குற்றந் தம்முடையதெனக் கருதி, தம்மைக் கொல்லுமாறு தம் வாளையே நீட்டினார். வாங்கிய நாயனாரோ அதனைத் தம் கழுத்திற் பூட்டினார். இறைவன் அருளால் யானையும் பாகரும் எழுந்தனர். அடியார் இடுக்கண் தீர்த்தற்கென ஏந்திய மழு ஒன்று. அது தன் காரியம் முடிந்தவிடத்து நின்றது. அதனோடமையாது, அதனை ஏந்தியவர் அரசர் வாளைத் தம்மையே நோக்கித் திருப்பினார். தன் செயலுக்குத் தானே கணக்குக் கொடுக்க ஒருப்படுபவன் கையில் ஆயுதம் ஒருபோதும் பெருகாது.

தொகுத்தலுக்கும் ஒரு சான்று காட்டுவாம். 1765 இல் ஒல்லாந்தர் கண்டியைக் கொள்ளையிட்டபோது எடுத்துச் சென்ற லெவ்கே திசாவையின் பீரங்கியும், வேறு படைக்கலங்களும் ஆம்ஸ்டர்டாமிலுள்ள நூதனசாலையில் நெடுங்காலம் வைக்கப்பட்டிருந்தன. அவை சென்ற வழி தீயது; அதில் ஐயமில்லை. எனினும் அவை இழைப்பும் எழுத்தும் ஆராயப்பட்டு, எங்கிருந்து வந்தன என்பது துணியப்பட்டது. துணியப்படவே, வைத்திருந்தோர்க்கு மாறாக அவ்வறிவே சாட்சியாயிற்று. 2023 ஆம் ஆண்டு அப்பீரங்கியும் இரண்டு துவக்குகளும் வாள் இரண்டும் கத்தி ஒன்றும் கொழும்பு தேசிய நூதனசாலைக்கு மீண்டன. குவியலாய்க் கிடந்தவாயின் அவை இன்னாருடையன என்று அறிவார் யார்? அறிவோடு கூடிய தொகுப்பு, உரியவனுக்குத் தன்னைத் திருப்பிக் கொடுக்கும் வழியையும் தன்னுள்ளே வைத்திருக்கின்றது.

பதுக்கலின் முடிவு இதற்கு நேர்மாறு. 1971 ஆம் ஆண்டு ஏப்பிரல் 5 ஆம் நாள் வைகறையில், ஊவாவின் வெல்லவாயப் பொலிசு நிலையம் தாக்கப்பட்டதோடு மக்கள் விடுதலை முன்னணியாரின் கிளர்ச்சி தொடங்கிற்று. அவர் இரகசியமாகச் சேர்த்து வைத்தவை பெரும்பாலும் வேட்டைத் துவக்குகளும் கையாற் செய்த குண்டுகளுமே. பயிர்காவலுக்கென ஊர்க்குடிகள் வைத்திருந்த துவக்குகளும் பறிக்கப்பட்டன. கிளர்ச்சியிலும் அதனை அடக்கியதிலும் ஆயிரக்கணக்கான இளைஞர் மடிந்தனர். மறைத்து வைத்த ஆயுதம் மறைத்தவனுக்கே உதவுமென்று துணிதல் கூடாது. அதனை முதலிற் கண்டெடுப்பவனுக்கே அது உரியதாகும்.

ஈண்டு ஒரு வினா எழும். அனுமதிச்சீட்டு உடையானை எங்ஙனம் குற்றங் கூறலாம்? 1916 ஆம் ஆண்டின் சுடுகலச் சட்டம் ஆண்டுதோறும் சீட்டைப் புதுப்பிக்குமாறு விதிக்கின்றது. ஆண்டுக்கொருமுறை, வைத்திருப்பதற்குக் கணக்குச் சொல் என்பதே அதன் கருத்து. அது நன்றே. ஆயினும் அரசாங்கம் கைப்பொருளைப் பார்க்குமேயன்றி நெஞ்சைப் பாராது. நெஞ்சின் கணக்கை உடையானே பார்த்தல் வேண்டும்.

அதற்கு மூன்று வினாக்கள் போதும். இப்பொருள் எதற்காக வந்ததோ அப்பயன் இன்றும் உளதா? இதனைப் பிறர்க்குக் காட்ட என் மனம் ஒருப்படுமா? தக்கவன் கேட்பின் கொடுக்க ஒருப்படுமா? மூன்றற்கும் ஆம் என்பவன் தொகுப்போன். முதலாவதற்கு விடை கூறமாட்டாதவன் குவிப்போன். பின்னிரண்டற்கும் மறுப்பவன் பதுக்குவோன். எல்லை பொருளில் இல்லை, எண்ணிலும் இல்லை. எனது என்னும் எண்ணம் பயனை விழுங்கும் இடமே எல்லையாம். ஆணவமலம் தன்னையும் காட்டாது, தான் மறைத்ததையும் காட்டாது என்பது நம் சித்தாந்தம். தன் வீட்டில் என்னென்ன உள்ளன என்று தானே அறியாத குவிப்போனிடத்து அதனைக் கண்கூடாகக் காணலாம்.

தோட்டங்களிலே நவராத்திரி இறுதியில் நிகழும் ஆயுதபூசையை நோக்குமின். கவ்வாத்துக் கத்தியும் மண்வெட்டியும் தேயிலை ஆலையின் பொறிகளும் கழுவப்பெற்றுத் திருநீறும் சந்தனமும் அணிகின்றன. ஒருவனுக்குக் கத்தி ஒன்று. அது மறுநாள் மலைக்கு மீளும். இறைவன் திருமுன் வைக்கப்படுங்கால் அது அவனுடையதன்று. வேலைக்கு எடுக்கப்படுங்கால் அவன் அதற்குப் பொறுப்பாளன். படைக்கலத்தோடு மனிதன் கொள்ளத்தக்க உறவு இதுவே.

ஆசிரியர்காள்! இவ்வாராய்ச்சி துவக்குடையார்க்கு மட்டும் உரியதென்று நீங்கள் கருதற்க. தில்லையிலே தேவார ஏடுகள் காவலுக்கென்றே அறையுள் வைத்துப் பூட்டப்பெற்றன. அறை திறக்கப்பட்டபோது பெரும்பகுதி செல்லுக்கு இரையாகியிருந்தது. எஞ்சியவற்றை நம்பியாண்டார்நம்பிகள் முறைசெய்து தொகுத்தமையால் இன்று நாம் ஓதுகின்றோம். ஏடுகள் அவையே, பூட்டியபோது அழிந்தன, தொகுத்தபோது வாழ்ந்தன. நம் பாடசாலைகளின் புத்தக அலுமாரிகளுள் எத்தனை, கிழியுமென்று அஞ்சிப் பூட்டப்பட்டுக் கிடக்கின்றன! லயத்திலிருந்து வரும் பிள்ளையின் கைக்கு எட்டாத நூல் எவ்வளவு சிறந்ததாயினும் என்ன பயன்?

முத்திரை சேர்க்கும் மாணவனை இகழாதீர்கள். ஒவ்வொன்றும் எந்நாட்டதென்று வினவுங்கள். இரண்டுள்ளதை இல்லாதவனுக்குக் கொடுக்கப் பழக்குங்கள். எண்ணிக்கையைச் சொல்லி அவன் பெருமை பேசுமிடத்து மெல்லத் திருத்துங்கள். சிறுவயதில் அவ்வெல்லையை அறிந்தவன், பின்னாளிற் பொன்னைச் சேர்ப்பினும் நிலத்தைச் சேர்ப்பினும் துவக்கையே சேர்ப்பினும் அதனை மறவான். முதலிற் பாடசாலையின் அலுமாரியைத் திறவுங்கள்; மற்றவை அதன்பின் எளியவாம்.

திருச்சிற்றம்பலம்.