பெரிய மனசு

எக்கோ அறிக்கையைப் பார்த்துவிட்டு டாக்டர், "ஆச்சிக்கு ஹார்ட் கொஞ்சம் பெருசாயிருக்கு" என்றார். ஆச்சி சிரித்தாள். "எனக்குப் பெரிய மனசுன்னு ஊரே சொல்லும்லா. உங்களுக்கு இப்பதான் தெரியுதாக்கும்." பாளையங்கோட்டையின் அந்தச் சின்ன அறையில் எல்லோருமே சிரித்தோம். டாக்டர் சிரித்துக்கொண்டே மாத்திரை எழுத ஆரம்பித்தார்.

இதயத் தசைக்கு ஒரு குணம் உண்டு. உள்ளே ரத்தம் எவ்வளவு நிரம்புகிறதோ அவ்வளவு சுவர் இழுபடும். இழுபட இழுபட, ஓர் எல்லை வரை, அடுத்த துடிப்பு வலுக்கும். 1895-இல் ஓட்டோ ஃபிராங்க் தவளை இதயத்திலும், 1914-இல் எர்னெஸ்ட் ஸ்டார்லிங்கும் கூட்டாளிகளும் நாயின் இதயத்திலும் இதைக் காட்டினார்கள். தசைச் செல்லுக்குள் சார்கோமியர் என்ற நுண்ணலகுகள் சங்கிலியாகக் கோத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 2 மைக்ரோமீட்டர் நீளம். இழுபட்ட சார்கோமியர், அதே அளவு கால்சியத்துக்கு முன்பைவிட அதிகமாகச் சுருங்கும். மூளையின் உத்தரவு வரட்டும் என்று அது காத்திருப்பதில்லை.

மனிதர்களும் இப்படித்தான் என்று நம்ப ஆசையாக இருக்கிறது. 2023 டிசம்பர் பெருமழையில் தாமிரபரணி கரை கடந்தபோது, சுமார் 800 பேருடன் வந்த செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்களையே வெள்ளம் சூழ்ந்திருந்த நேரத்தில் அவர்களுக்குச் சோறு பொங்கினார்கள். யாரும் உத்தரவு போடவில்லை. பாரம் வந்தது, ஊர் அந்த அளவுக்கு விரிந்தது.

ஆனால் ஃபிராங்கும் ஸ்டார்லிங்கும் சொன்னது அந்தந்தத் துடிப்பின் கணக்கு. ஆச்சியின் கணக்கு வேறு. அவளுக்கு ஒரு வால்வு சரியாக மூடவில்லை. வெளியே தள்ளிய ரத்தத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு துடிப்பிலும் திரும்பி வந்தது. இப்படி வருடக்கணக்கில் இழுபடும் செல், சங்கிலியில் புதுச் சார்கோமியர்களைக் கோத்துத் தானே நீண்டுகொள்கிறது. அறை அகலமாகிறது. அகன்ற அறையில் அதே அழுத்தத்தை உண்டாக்க, சுவர் இன்னும் அதிகமாகப் பாடுபட வேண்டும். கடைசியில் தசை தளர்கிறது. அதுவரை வெளியே ஒன்றும் தெரியாமலே போகலாம்.

அந்த 'ஒன்றும் தெரியாமல்'தான் என்னைத் தொந்தரவு செய்கிறது. எங்கள் வீட்டு வேலை ஆச்சியின் இதயத்தைப் பெருக்கியது என்று நான் சொல்லவில்லை. அது வால்வின் காரியம். ஆனால் இத்தனை வருஷம் நாங்கள் அவளிடம் நடந்துகொண்டது அந்த வால்வைப் போலத்தான். அவள் முடித்து அனுப்பிய வேலையில் ஒரு பங்கை மறுபடி அவளிடமே தள்ளினோம். அவள் முனகவில்லை. 'ஆச்சி தாங்குவா' என்றோம். ஒரு நாள் வெள்ளத்தில் ஒருவர் விரிந்து கொடுப்பதைப் பார்த்து, ஆயுள் முழுக்க அப்படியே இருப்பார் என்று கணக்குப் போடுவது எவ்வளவு வசதி! பெரிய மனசு என்று பட்டம் கொடுத்துவிட்டால் கேள்வியும் முடிந்தது. தாங்குகிறவரின் மௌனத்தை வலிமை என்று எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை கிடையாது. கேட்க வேண்டிய பொறுப்பு சுமையை ஏற்றுகிறவருக்கு.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். "சொதி வைக்கட்டால?" என்று எழுந்தாள்.

"நீ உக்காரு ஆச்சி. நான் வைக்கேன்."

"ஒனக்குத் தேங்காப்பால் எடுக்கத் தெரியுமால?"

தெரியாது. உட்கார்ந்தபடியே சொல்லிக் கொடுத்தாள்.